உவர்மலையில் ஆறு சனிக்கிழமைகள்: விமான எஞ்சின் உதிரிப்பாக வகுப்பு ஒன்றின் மதிப்பீடு

திருகோணமலை உவர்மலையில் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் இயங்கும் தனியார் பயிற்சி நிலையம் ஒன்று, விமான எஞ்சின்களில் பழுதான பாகங்களை மாற்றும்போது கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு விதிகளைப் பற்றித் தமிழில் ஆறு சனிக்கிழமை வகுப்புகளை நடத்தியது. கட்டணம் 18,000 ரூபா; நேரம் காலை எட்டரை முதல் பன்னிரண்டரை வரை. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படித்த என் அக்காவின் மகனைச் சேர்த்துவிடப் போன நான், பத்தொன்பது வருடங்களாக வள்ளங்களின் வெளியிணைப்பு எஞ்சின்களைத் திருத்துபவன் என்ற உரிமையில் எனக்கும் ஓர் இடம் கேட்டு உட்கார்ந்துவிட்டேன். விமானத்துறையோடு எனக்கு வேறு தொடர்பு இல்லை என்பதால், கையில் கிறீஸ் படிந்த ஒருவன் தன் காசுக்கு என்ன கிடைத்தது என்று எழுதும் கணக்காகவே இதை வாசிக்க வேண்டும்.

பாடம் நடத்தியவர் வளைகுடா நாடொன்றின் விமான எஞ்சின் பணிமனையில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் 'சேர்' என்று கூப்பிட, என்னை மட்டும் அவர் 'அண்ணை' என்றார். சீனக்குடாப் பக்கமிருந்து விமானம் ஏதும் எழும்பி மண்டபத்துக்கு மேலாகப் போனால் பேச்சை நிறுத்திச் சத்தம் அடங்கும்வரை காத்திருப்பார். பிறகு, பறக்கின்ற எந்த எஞ்சினிலும் கடைசியாக மாற்றிய பாகம் எது, எப்போது மாற்றியது, கையொப்பம் யாருடையது என்று கேட்டால் உடனே தாளை எடுத்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். மூன்றாவது தடவை இது நடந்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். நான் என் கடையிலுள்ள ஒற்றைக் கொப்பியை நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு வகுப்புகளும் பறப்புத் தகுதிப் பணிப்புரை பற்றியவை. துறையில் இதனை ஏ.டி. என்பார்கள். ஒருவகை எஞ்சினில் பாதுகாப்பற்ற நிலை ஒன்று இருக்கிறது என்பதும், அதே வடிவமைப்பில் உருவான மற்ற எஞ்சின்களிலும் அது இருக்கலாம் அல்லது பின்னர் தோன்றலாம் என்பதும் சேரும்போது, அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் தன் விதிக்கோவையின் 39ஆம் பகுதியின் கீழ் அதனை வெளியிடுகிறது. உற்பத்தியாளர் அனுப்பும் சேவை அறிவித்தல் பொதுவாகப் பரிந்துரை, ஏ.டி. சட்டம், அதை நிறைவேற்றாத விமானத்தை ஓட்டுவதே குற்றம். எஞ்சினை வடிவமைத்த நாடு இவ்வாறு அறிவிக்கும்போது, விமானத்தைப் பதிவு செய்த நாடு அதன்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து பற்றிய சிக்காகோ உடன்படிக்கையின் 8ஆம் இணைப்பின் ஏற்பாடு. நம் நாட்டில் அந்தப் பொறுப்பு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கு உரியது. இவற்றை ஒப்புவிக்கச் சொல்லாமல், உண்மையான பணிப்புரை ஒன்றின் பிரதியை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, எந்த மாதிரி, எந்தத் தொடர் இலக்கங்கள், என்ன செய்ய வேண்டும், எத்தனை மணித்தியாலத்துக்குள் அல்லது எத்தனை சுழற்சிக்குள் செய்ய வேண்டும் என்று நான்கு நிறங்களில் அடிக்கோடிடச் செய்தது நல்ல முறை. சுழற்சி என்பது எஞ்சினை இயக்கி, எழும்பி, இறங்கி, நிறுத்தும் ஒரு முழுச் சுற்று என்பதும், தகடுகளைத் தாங்கிச் சுழலும் டிஸ்க் போன்ற சில பாகங்கள் கண்ணுக்கு வெடிப்பே தெரியாவிட்டாலும் குறித்த சுழற்சி எண்ணிக்கை முடிந்த அன்றே கழிக்கப்பட வேண்டும் என்பதும் எனக்குப் புதிய செய்திகள்.

பரிந்துரைக்கும் சட்டத்துக்கும் இடையில் கழியும் காலம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அவர் எடுத்த உதாரணம் சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் 1380ஆம் இலக்கப் பறப்பு. 2016 ஆகஸ்ட்டில் அதே நிறுவனத்தின் வேறொரு போயிங் 737இல் சி.எஃப்.எம். 56 எஞ்சினின் விசிறித் தகடு ஒன்று வெடித்து முறிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளைக் கண்டுபிடிக்கும் மீயொலிச் சோதனையைக் கட்டாயமாக்கும் வரைவை அமெரிக்க நிர்வாகம் 2017 ஆகஸ்ட்டில் வெளியிட்டது. அது இறுதியாகாமல் இருந்த நிலையில், 2018 ஏப்ரல் 17 அன்று 1380ஆம் பறப்பில் 32,000 சுழற்சிகளுக்கு மேல் ஓடிய ஒரு தகடு அடிப்பாகத்தில் முறிந்து, சிதறிய உறைத் துண்டு யன்னலை உடைக்க, ஒரு பயணி உயிரிழந்தார். மூன்றாம் நாள் அவசரப் பணிப்புரை வந்தது: 30,000 சுழற்சிகளைத் தொட்ட எஞ்சின்களின் தகடுகளை 20 நாட்களுக்குள் மீயொலியால் சோதிக்க வேண்டும். தேதிகளை மட்டும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு ஆசிரியர் தேநீருக்குப் போய்விட்டார். அந்த இடைவேளையில் யாரும் அதிகம் பேசவில்லை.

கழற்றிய பாகத்தை என்ன செய்வது என்ற மூன்றாவது வகுப்புத்தான் என்னைத் தனிப்பட்ட முறையில் சுட்டது. பழுதான பாகம் எஞ்சினை விட்டு வெளியே வந்த கணமே அதில் சிவப்பு அட்டை கட்டப்பட வேண்டும்; எந்த எஞ்சின், எந்த இடம், என்ன குறை, யார் கழற்றியது என்று எழுதப்பட வேண்டும்; நல்ல பாகங்களோடு ஒரே தட்டில் வைக்கக்கூடாது; திருத்த முடியாதது என்று முடிவானால், மீண்டும் எவரும் துடைத்துப் பூசிப் பொருத்த முடியாதபடி வெட்டியோ நசுக்கியோ அழிக்க வேண்டும். என் கடையில் பிஸ்கட் ரின் ஒன்று இருக்கிறது. பழைய இம்பெல்லர், பாதி தேய்ந்த வோஷர், நிமிர்த்திய ஸ்பிளிட் பின் எல்லாம் அவசரத்துக்கு உதவும் என்று அதற்குள் கிடக்கும். இரண்டு வருடங்களுக்கு முன் அந்த ரின்னிலிருந்து எடுத்து வளைத்துப் போட்ட ஒரு பின் உடைந்து, சாம்பல்தீவுக் கடலில் ஒரு வள்ளத்தின் புரொப்பெல்லர் கழன்று போனது. வள்ளத்தை இன்னொரு வள்ளம் இழுத்து வந்தது; ஆகாயத்தில் இழுத்து வர யாரும் இல்லை. ஸ்பிளிட் பின், கஸ்கெட், ரப்பர் வளையம் ஆகியவை ஒரு தடவைக்கு மட்டும் உரியவை என்பதும், ரப்பர் வளையத்துக்கு உறைக்குள் சும்மா கிடக்கும்போதே வயது ஏறுகிறது, ஆகவே உறையிலுள்ள தேதியைப் பார்த்த பின்னரே பிரிக்க வேண்டும் என்பதும் அங்கே படித்தவை.

நான்காவது வகுப்பு முழுவதும் ஒரே ஒரு விபத்தைப் பற்றியது. எஞ்சினே சம்பந்தப்படாத அந்த விபத்தை நான்கு மணித்தியாலம் பேசுவதா என்று முதலில் தோன்றியது. முடியும்போது, கட்டணத்தில் பாதி இதற்கே போகட்டும் என்று தோன்றியது. 1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390ஆம் பறப்பில், 17,300 அடி உயரத்தில் விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. தலைமை விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட, பணியாளர்கள் அவருடைய கால்களைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்ஹாம்ப்டனில் தரையிறக்கினார்; தலைமை விமானி உயிர் பிழைத்தார். அந்தக் கண்ணாடி 27 மணித்தியாலங்களுக்கு முன்னர்தான் புதிதாக மாற்றப்பட்டிருந்தது. 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகள் தேவையான விட்டத்தைவிட அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேலாக மெலிந்தவை. மீதி ஆறும் விட்டம் சரி, நீளம் போதாதவை.

இது எப்படி நடந்தது என்பதை ஆசிரியர் அவசரமின்றிப் பிரித்துக் காட்டினார். இரவு வேலையில் ஆள் குறைவாக இருந்ததால் பொறுப்பதிகாரியே கண்ணாடியை மாற்றுகிறார். பாகப் பட்டியலில் இலக்கம் தேடாமல், கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு ஒப்பானதைக் கேட்கிறார். ஆனால் அந்தப் பழைய போல்ட்டே முந்திய தடவை பொருத்தியவர்கள் போட்ட பிழையான அளவு. களஞ்சியத்தில் இருந்தவர் சரியான இலக்கத்தைச் சொல்கிறார். கழற்றியது இதுதானே என்று அதிகாரி பழையதையே நம்புகிறார். அது போதிய எண்ணிக்கையில் இல்லாததால், வெளிச்சம் குறைந்த, ஆளில்லாத இன்னொரு களஞ்சியத்துக்குப் போய்க் கண்ணாலும் விரலாலும் ஒப்பிட்டு எடுக்கிறார். வேலையைச் செய்தவரும் சரி என்று கையொப்பமிட்டவரும் ஒருவரே. இரண்டாம் ஆள் சோதிக்க வேண்டிய வேலைகளின் பட்டியலில் முன்கண்ணாடி இருக்கவில்லை. இங்கே மருமகன் எழும்பி, "சேர், பழைய போல்ட் நாலு வருஷம் தாங்கினதுதானே, அப்ப அதை நம்பினது பிழையா?" என்று கேட்டான். "தம்பி, தாங்கினது போல்ட். சரி என்று சொன்னது ஆர்?" என்றார் ஆசிரியர். பழைய பாகத்தைப் பார்த்துப் புதிய பாகம் எடுப்பது நம் ஊர்க் கராஜ்களில் கெட்டித்தனமாகக் கருதப்படும் பழக்கம் என்பதால் இந்தப் பகுதியை நான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ஐந்தாவது வகுப்பு தாள்களைப் பற்றியது. ஒரு பாகம் வரும்போது, அது பொருத்தத் தகுதியானது என்று சான்று கூறும் அமெரிக்காவின் 8130-3 படிவமோ ஐரோப்பாவின் 'ஈ.ஏ.எஸ்.ஏ. போம் 1' படிவமோ வர வேண்டும், இலக்கங்கள் பாகத்தில் பொறித்தவற்றோடு ஒத்துப்போக வேண்டும், தாள் இல்லாத பாகம் எவ்வளவு பளபளத்தாலும் பொருத்தக் கூடாது. தாளே பொய்யானால் என்ன செய்வது என்பதற்கு 2023இல் வெளிவந்த ஏ.ஓ.ஜி. டெக்னிக்ஸ் விவகாரம் எடுத்துக்காட்டாக வந்தது. லண்டனில் இருந்த அந்த விற்பனை நிறுவனம் போலிச் சான்றிதழ்களுடன் விற்ற சிறு பாகங்கள் நூற்றுக்கும் மேற்பட்ட எஞ்சின்களுக்குள் போயிருந்தன. போர்த்துக்கலில், ஒரு பாகம் தாளில் சொன்ன வயதைவிடப் பழையதாகத் தெரிகிறதே என்று ஐயப்பட்டு உற்பத்தியாளரிடம் கேட்டதில்தான் புளுகு உடைந்தது. அந்தச் சான்றிதழைத் தாங்கள் கொடுக்கவில்லை என்று உற்பத்தியாளர் உறுதிப்படுத்தினார். இந்த வகுப்பில் சொன்னதையே திரும்பச் சொன்ன பகுதிகளும் இருந்தன. ஒரு மணித்தியாலத்தைக் குறைத்திருக்கலாம்.

குறைகளுக்கு வருகிறேன். ஆறாவது வகுப்பு செய்முறை என்று விளம்பரத்தில் இருந்தது. முப்பத்திரண்டு பேருக்கு, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டோர்க் ரென்ச் ஒரேயொன்று. ஆளுக்கு இரண்டு போல்ட் இறுக்குவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அந்த ரென்ச்சின் அளவுத்திருத்தத் திகதி காலாவதியாகியிருந்தது. ஆசிரியர் அதை மறைக்கவில்லை. 'பயிற்சிக்கு மட்டும்' என்று தானே எழுதி ஒட்டி, பணிமனையில் இப்படியொரு கருவியைக் கண்டால் தொடவே கூடாது என்றும் சொன்னார். அவருடைய நேர்மை அவருக்குப் பெருமை. கட்டணம் வாங்கும் நிலையத்துக்கு அதில் பங்கில்லை. எஞ்சினின் உட்புறத்தைப் பார்க்கும் போரோஸ்கோப்பைப் படத்தில் மட்டுமே கண்டோம்.

இதைவிடப் பாரதூரமான குறை கையேட்டில் இருந்தது. தமிழ்க் கையேடு பொதுவாக நன்றாக எழுதப்பட்டது, பறப்புத் தகுதி, கழிப்பு, தனிமைப்படுத்தல் போன்ற சொற்களை முதல் பக்கத்திலேயே விளக்கியிருந்தார்கள். ஆனால் இறுக்க அளவு அட்டவணையில் அங்குல இறாத்தலையும் அடி இறாத்தலையும் வேறுபடுத்தாமல் இரண்டுக்கும் 'இறாத்தல்' என்றே போட்டுவிட்டார்கள். ஓர் அடி இறாத்தல் பன்னிரண்டு அங்குல இறாத்தலுக்குச் சமம். 100 அங்குல இறாத்தலில் இறுக்க வேண்டிய நட்டை இந்த அட்டவணையை நம்பி அடிக் கணக்கில் இறுக்கினால் போல்ட் கையோடு வரும், அல்லது உள்ளே நீண்டு பலவீனமாகி இன்னொரு நாள் உடையும். இதை நான் சொன்ன அடுத்த வாரமே ஆசிரியர் திருத்தச் சீட்டு அச்சடித்துக் கொடுத்தார். நிலையத்தின் அலுவலகத்திலோ, நான் கடைசியாகப் போனபோதும் பழைய கையேடுகள் சீட்டு இல்லாமலே அடுக்கியிருந்தன. பழுதான பாகத்தைத் தனியாக எடுத்து வை என்று சொல்லிக்கொடுக்கும் கட்டடத்தில் இது நடப்பது வேடிக்கைதான்.

துண்டுப்பிரசுரத்தில் விமானப் படத்துக்குக் கீழே 'வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கு உகந்தது' என்று அச்சிட்டிருப்பதையும் பெற்றோர் நிதானமாக வாசிக்க வேண்டும். விமானப் பராமரிப்புப் பொறியியலாளர் அனுமதிப்பத்திரம் அதிகாரசபையின் பரீட்சைகளுக்கும் பதிவு செய்யப்பட்ட செய்முறை அனுபவத்துக்கும் பின்னரே கிடைப்பது. ஆறு சனிக்கிழமைகளின் சான்றிதழ் அதற்குப் பதிலாகாது. ஆசிரியர் இதை முதல் நாளே சொன்னார். சொல்லும்போது காசு கட்டியாகிவிட்டது.

வள்ளம், லொறி, ஜெனரேட்டர் என்று எதையாவது திருத்துபவர்களுக்கு 18,000 ரூபா நியாயமான விலை என்பதே என் கணிப்பு. உயர்தரம் முடித்த பிள்ளைகள், துறை தமக்குப் பிடிக்குமா என்று பார்ப்பதற்காக மட்டும் போகலாம். மருமகன் இப்போது கடையில் சிவப்பு அட்டை கட்டத் தொடங்கியிருக்கிறான், பிஸ்கட் ரின்னையும் "மாமா, இதில ஒண்டும் இனி வேண்டாம்" என்று பூட்டி வைத்துவிட்டான், திறப்பு அவனிடம். அடுத்த தொகுதியில் சேர்பவர்கள் கையேட்டை வாங்கும்போதே திருத்தச் சீட்டையும் கேட்டு வாங்கி, அட்டவணையுள்ள பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும், கேட்காவிட்டால் தரமாட்டார்கள்.