புகைமூட்டமா, அபர்ஃபானா? ‘தி கிரவுன்’ தொடரின் இரண்டு பேரிடர் எபிசோடுகள்

“ராணி கதையெல்லாம் நமக்கு எதுக்கு?” என்று கேட்பவர்களை, பிரிட்டன் ராணி இரண்டாம் எலிசபெத்தின் கதையைச் சொல்லும் ‘தி கிரவுன்’ பக்கம் இழுக்க இரண்டு எபிசோடுகள் உண்டு. ஒன்று, முதல் சீசனின் நான்காவது எபிசோடு. 1952 டிசம்பரில் லண்டனை மூச்சுத் திணற வைத்த புகைமூட்டம் பற்றியது. இன்னொன்று, மூன்றாவது சீசனின் மூன்றாவது. 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸின் அபர்ஃபான் என்ற சுரங்க ஊரில் நிலக்கரிக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தை மூடிய கதை. முன்கதை தெரியாமலே இரண்டையும் பார்க்கலாம். என் ஓட்டு அபர்ஃபானுக்குத்தான்.

இத்தனைக்கும் சென்னைக்காரருக்குக் கிட்டத்தில் இருப்பது புகைதான். போகி அன்று விடிகாலையில் டயரும் பழைய பாயும் எரிந்து, எதிர்வீடே தெரியாமல், மீனம்பாக்கத்தில் விமானங்கள் தாமதமானதெல்லாம் நாம் பார்த்ததுதானே. லண்டனில் அது ஐந்து நாள் நீடித்தது. காற்று அசையாத கடுங்குளிர், வீட்டுக்கு வீடு கரி அடுப்பு. எழுந்த புகை மேலே போக வழியில்லாமல் தரையோடு தங்கிவிட்டது. இறந்தவர்கள் சுமார் 4,000 பேர் என்றது அன்றைய கணக்கு. 12,000 வரை இருக்கலாம் என்கின்றன பிந்தைய ஆய்வுகள்.

ஆனால் இத்தனை பேர் செத்ததை நமக்கு உறைக்க வைக்க எபிசோடு நம்புவது வெனிஷியா ஸ்காட் என்ற ஒரே ஒரு பெண்ணை. அன்றைய பிரதமர் சர்ச்சிலின் செயலாளர். அவளை நமக்குப் பிடிக்க வைத்து, புகைக்குள் வரும் பஸ்ஸில் அடிபட வைக்கிறார்கள். அதற்கப்புறம்தான் ‘இதெல்லாம் வெறும் வானிலை’ என்றிருந்த சர்ச்சில் ஆஸ்பத்திரியில் போய் நிற்கிறார். அந்தப் பெண்ணோ முழுக்கக் கற்பனை. ஆட்சியே ஆடிப்போனதாகக் காட்டுவதும் மிகை. அன்று அப்படியொரு அரசியல் நெருக்கடி இருந்ததில்லை. தூய காற்றுச் சட்டம் வரவே 1956 ஆனது. ஜான் லித்கோவின் சர்ச்சில் பிரமாதம், மறுக்கவில்லை. இருந்தாலும் அந்த பஸ் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த எபிசோடில் எனக்குப் பிடித்தது புகையே இல்லாத ஒரு காட்சி. பாட்டி மேரி தன் படுக்கையறையில் இளம் ராணிக்குப் புத்தி சொல்கிறார்: எதுவும் செய்யாமல் இருப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை, அதுதான் உன் கடமை. சும்மா இருப்பதன் கஷ்டம் வடிவேலு ரசிகர்களுக்குப் புதிதல்ல, ஆனால் இங்கே அது வேதவாக்கு. ராணி பொறுத்திருக்கிறார். புகையும் சரியான நேரத்தில் விலகிவிடுகிறது.

அந்த வேதவாக்கை அப்படியே குற்றமாகத் திருப்பிப் போடுகிறது அபர்ஃபான். பதினான்கு வருடம் கழித்து அதே ராணி (இப்போது ஒலிவியா கோல்மன்) அதே பாடத்தைப் பிடித்துக்கொண்டு அரண்மனையிலேயே இருக்கிறார். 144 பேர் இறந்திருக்கிறார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். அங்கே போய் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். ஆறுதல் சொல்லுங்கள் என்கிறார் பிரதமர் வில்சன். எட்டாவது நாள்தான் போகிறார். போய், வராத கண்ணீரைக் கைக்குட்டையால் துடைக்கிறார்.

என்னோடு பார்த்த அக்கா இந்த இடத்தில், “ஏன்டா, இந்தம்மாவுக்கு அழுகையே வராதா?” என்றாள். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு கிளிசரின் வெள்ளம் பார்ப்பவள். அவளே எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு வரும் காட்சிதான் உச்சம். என்னிடம் ஏதோ குறை இருக்கிறது, எனக்கு அழ வரவில்லை என்கிறார் ராணி. வில்சன் பதிலுக்குத் தன் ரகசியத்தைச் சொல்கிறார்: தொழிலாளர் தலைவர் என்பதால் வெளியே பைப், தனியாக இருந்தால் சுருட்டு, வெளியே பீர், உள்ளே பிராந்தி. நம் ஊரில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. வில்சனாக வரும் ஜேசன் வாட்கின்ஸ் இதைக் கிண்டலாகவும் சொல்லவில்லை, உருகியும் சொல்லவில்லை.

இங்கே யாரையும் கற்பனை செய்து கொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆரம்பக் காட்சிகளில் பிள்ளைகள் பாட்டுப் பயிற்சி செய்கிறார்கள், அவ்வளவுதான். மறுநாள் அரைப்பருவ விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள். 2004இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போன செய்தியைக் கேட்ட எந்தத் தமிழருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. ராணி உண்மையில் அங்கே கண்கலங்கியதாக ஊர்க்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். அது போகட்டும். எனக்குக் கோபம் வேறு இடத்தில். நீரூற்றின் மேல் கழிவைக் கொட்டிய தேசிய நிலக்கரி வாரியத்தை 1967இல் விசாரணைக் குழு நேரடியாகவே குற்றம் சாட்டியது. மீதிக் கழிவு மலைகளை அகற்றும் செலவுக்கோ, மக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுத்தார்கள். 1997இல்தான் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள், வட்டி இல்லாமல். இதற்கே தனி எபிசோடு எடுக்கலாம். இவர்களோ கடைசிக் காட்சியை ராணியின் ஒரு சொட்டுக் கண்ணீருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அபர்ஃபானைப் போடுங்கள். இரண்டு மணி நேரம் இருந்தால் புகையை முதலில் பாருங்கள். பாட்டி சொன்னதைக் கேட்ட சூட்டோடு வில்சன் காட்சிக்கு வருவது தனி. சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் மட்டும், அவர்கள் தூங்கிய பிறகு.