ஆடுற வேலிக்கட்டைக்கு இரும்புத் தகடு: ரெண்டு விண்டருக்குப் பிறகு என்ர றிவ்யூ

பின்வளவு வேலியில ரெண்டு கட்டை ஆடத் தொடங்கினது 2022 மே லாங் வீக்கெண்ட் சனிக்கிழமை அடிச்ச அந்தப் பெரிய புயல்காத்தோட. மே 21, கனடாவில ஒன்ராறியோ மாகாணத்தில இருந்தவைக்கு மறக்காது. வேலி விழேல்ல, ஆனா அதுக்குப் பிறகு கொஞ்சம் காத்தடிச்சாலே கிறீச் கிறீச் எண்டு சத்தம், நானும் கேட்டும் கேக்காத மாதிரி ஒரு வருசத்துக்கு மேல இழுத்தன், கடைசியில பக்கத்து வீட்டு மனுசன் எட்டிப் பாத்து உங்கட வேலி என்ர தக்காளிக்கு மேல சரியுது எண்டு சொன்ன பிறகுதான் வெக்கமாப் போச்சு.

வேலி போடுற ஒராளைக் கூப்பிட்டுக் கேட்டா ரெண்டு கட்டையும் மாத்த 900 டொலர் எண்டார். முதல்ல கோவம் வந்தது, பிறகு யோசிச்சுப் பாத்தா அவரில பிழை இல்லை. ரொறொன்ரோப் பக்கம் குளிருக்கு நிலம் 4 அடி ஆழம் வரைக்கும் உறையும் எண்டுதான் கணக்கு, அதால குழியும் அவ்வளவு ஆழம். 10 அங்குல அகலக் குழிக்க 4 அடிக்குக் கொங்கிறீற் எண்டா 100 கிலோவுக்கு மேல வரும். அதை அலவாங்கு போட்டு நெம்பி எடுக்க வெளிக்கிட்டா என்ர நாரி போயிடும்.

அப்பதான் கடையில இந்தப் போஸ்ற் மென்டர் எண்ட சாமான் கண்ணில பட்டது. பேர் போடேல்ல, எல்லாக் கொம்பனியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் செய்யிறாங்கள். மொத்தமான கல்வனைஸ் (துருப்பிடியாமல் துத்தநாகம் பூசின) இரும்புத் தகடு, கீழ்ப்பக்கம் கூர். கட்டைக்கும் கொங்கிறீற்றுக்கும் நடுவில அடிச்சு இறக்கிப்போட்டு மேல்பக்கத்தைக் கட்டையோட ஸ்குறூ போட்டு இறுக்கிறது, அவ்வளவுதான். ஒரு கட்டைக்கு ரெண்டு வேணும். நான் நாலு வாங்கினன், வரியோட 100 டொலருக்குக் கிட்ட.

பெட்டியில படம் போட்டிருக்கிற மாதிரி சுகமான வேலை இல்லை, சொல்லிப்போட்டன். முதல் மண்ணை விலக்கி, கட்டையை நிமித்தி, லெவல் வச்சுப் பாத்து, ஆடாமல் முட்டுக் குடுக்கவேணும். பிறகு பெரிய சுத்தியலால அடி அடியெண்டு அடிக்கவேணும். தகட்டில நேர அடிக்காதேங்கோ, விளிம்பு மடங்கும், நடுவில ஒரு பலகைத் துண்டு வையுங்கோ (முதலாவதை மடக்கிப்போட்டுத்தான் சொல்லுறன்). வாங்க முதல் கட்டையையும் அளந்து பாருங்கோ, நாலுக்கு நாலு எண்டு விக்கிறது உண்மையில மூண்டரை அங்குலம், ஆனா சில பழைய வேலியில அறுத்தபடி முழு நாலும் இருக்கும், அதுக்கு இந்தத் தகடு சரியாப் பொருந்தாது.

பெட்டிக்க ஸ்குறூ இல்லை. வீட்டில கிடந்ததைப் போட்டு முடிக்கலாம் எண்டு நினையாதேங்கோ. 2003 முடிவோட உக்காமல் இருக்க ஆர்சனிக் கலந்த மருந்தடிச்ச மரத்தை வீட்டுப் பாவனைக்கு விடுறதை நிப்பாட்டினவை, அதுக்குப் பிறகு வாற மரத்தில செப்பு கூட, செப்பு சாதாரண ஆணி ஸ்குறூ எல்லாத்தையும் தின்னும். ஹொட் டிப் கல்வனைஸ், அதாவது உருக்கின துத்தநாகத்தில தோய்ச்செடுத்தது எண்டு போட்டிருக்கிறதாப் பாத்து எடுங்கோ.

இனி விசயத்துக்கு வாறன். முதல் கட்டை ரெண்டு விண்டர் தாண்டியும் அசையேல்ல, குழந்தைப்பிள்ளையள் பிடிச்சுத் தொங்கினாலும் நிக்குது. அது மண்மட்டத்தில உக்கின கட்டை, ஈரமும் காத்தும் சேந்து கிடைக்கிற இடம் அதுதானே, கீழ கொங்கிறீற் கல்லு மாதிரி இருந்தது, தகடும் அதைக் கெட்டியாப் பிடிச்சிட்டுது. ரெண்டாவதுக்குப் போட்டது சுத்த வேஸ்ற். அங்க கட்டையில பழுதில்லை, கொங்கிறீற்றே உறைஞ்ச களிமண்ணோட ரெண்டு அங்குலம் மேல எழும்பியிருக்கு. ஊத்தின ஆள் மேல்பக்கத்தைக் காளான் மாதிரி அகலமா விட்டிருக்கிறார், உறையிற நிலம் அதுக்குக் கீழ பிடிச்சுத் தூக்கத் தோதாப் போச்சு. தகடு கட்டையைக் கொங்கிறீற்றோட சேத்துப் பிடிக்குது, ரெண்டும் சேந்து ஆடுது!

இதை வாங்க முதலே பாத்திருக்கலாம். கட்டையைப் பிடிச்சு நல்லா ஆட்டுங்கோ, ஆட்டேக்க மேல பாக்காமல் அடியைப் பாருங்கோ. கொங்கிறீற் அசையாமல் கட்டை மட்டும் ஆடினா தாராளமா வாங்கலாம். கொங்கிறீற்றும் சேந்து அசைஞ்சா கடைப்பக்கமே போகாதேங்கோ.

அப்பா ஊரில இருந்து வந்து நிண்டவர், நான் தகடு அடிக்கிறதைக் கதிரை போட்டு இருந்து பாத்துக்கொண்டு, "மோனை, கிளுவைக் கதியாலெண்டா ரெண்டு மழையோட வேர்விட்டுத் தன்ர பாட்டில நிக்கும், நீ செத்த கட்டைக்குச் சீமெந்து ஊத்தி அதுக்கு வைத்தியமும் பாக்கிறாய்" எண்டார். இந்தக் குளிரில கிளுவை எங்க வளரிறது.

ரெண்டாவதைக் கடைசியில போன சமர்தான் கிண்டி எடுத்தன். கிண்ட முதல் ஒன்ராறியோ வன் கோல் எண்ட சேவைக்குச் சொன்னா நிலத்துக்கடியில காஸ், கரண்ட் போற இடத்தைக் காசில்லாமல் வந்து குறிச்சு விடுவினம், அதை விட்டுடாதேங்கோ. மச்சானும் நானும் ஒரு முழு நாள், நாரி நொந்தது ஒரு கிழமை. அதில இருந்து கழட்டின தகடு ரெண்டும் வளைஞ்சபடி கராஜுக்க கிடக்கு, கடைக்காரனும் திருப்பி எடுக்கமாட்டன் எண்டிட்டான்.