டைமிங் பெல்ட்டுக்குப் பதில் பற்சக்கரம்: மலைச்சாலை வண்டிக்கு எது தாங்கும்?

போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை நாள்தோறும் ஏறி இறங்கி, ஏலத்தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோகும் வண்டிக்காரர்களிடம் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. என்ஜினின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூடவைக்கும் ரப்பர் பட்டையான டைமிங் பெல்ட்டுக்குக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை செலவு செய்வதைக் காட்டிலும், லேத் பட்டறையில் பற்சக்கரம் (கியர்) வெட்டி நிரந்தரமாக மாட்டிவிட்டால் என்ன என்பதே அது. இந்தக் கேள்வியை நான் எள்ளி நகையாட மாட்டேன். பூப்பாறையிலிருந்து திரும்பும் வழியில் என் டீசல் காரின் பெல்ட் அறுந்து, என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது எட்டு வால்வுகளில் ஐந்து பிஸ்டனில் இடித்து வளைந்திருந்தன. ஒரு பிஸ்டனின் தலையில் பிறை வடிவில் வெட்டுத் தழும்பு இருந்தது. அந்தச் செலவைக் கொடுத்து முடித்த நாளில் நானும் கியர் கட்சிதான்.

பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இந்தக் கணக்கு பிசகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் கியர், செயின், பெல்ட் ஆகிய மூன்று முறைகளுக்கும் பொதுவான வேலை. கேம்ஷாஃப்ட் என்ஜினின் உடற்பகுதியான பிளாக்கிற்குள்ளேயே, கிராங்கிற்குப் பக்கத்தில் இருக்கும் பழைய வகை என்ஜின்களில் இதற்குக் கியரை மிஞ்ச எதுவும் இல்லை. டாட்டா லாரிகளில் வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் என்ஜினில் இரண்டு சக்கரங்களும் எண்ணெயில் நனைந்தபடி நேருக்கு நேர் பல் கோத்துச் சுற்றுகின்றன; என்ஜினைப் பிரித்து வேலை பார்க்கும் காலம் வரை அவற்றை யாரும் தொடுவதில்லை. கேம்ஷாஃப்ட் ஹெட்டின் மேல் ஏறிவிட்டால் கதை மாறிவிடுகிறது. அப்படிப்பட்ட என்ஜினிலும் கியர் வைத்துக் காட்டிய நிறுவனங்கள் உண்டு: 1986-இல் வந்த ஹோண்டா விஎஃப்ஆர் 750 பைக்கின் கியர் ஓசைக்கு இன்றும் ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே வரிசைக்கு 2002-இல் ஹோண்டாவே செயின் போட்டுவிட்டது.

பெல்ட்டுக்கென்றே வடித்த என்ஜினில் கியரைப் புகுத்தும்போது வரும் சிக்கலை எனக்குக் கம்பத்து லேத் பட்டறைக்காரர் ஒருவர் மேசை மேல் வைத்தே காட்டினார். இரண்டு பற்சக்கரங்களைக் கோத்து ஒன்றைக் கையால் திருப்பி, "தம்பி, கேம் எந்தப் பக்கம் சுத்துது, பாத்தீங்களா?" என்றார். அது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. பெல்ட்டும் செயினும் கேம்ஷாஃப்டைக் கிராங்க் சுற்றும் திசையிலேயே சுற்றவைப்பவை. கியரில் அதே திசை கிடைக்க நடுவில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் சக்கரங்கள் வேண்டும், அவற்றைத் தாங்கத் தண்டும் பேரிங்கும் வேண்டும். பெல்ட் இருந்த இடமோ எண்ணெய் படக்கூடாத உலர்ந்த இடம். அதன் மூடி வெறும் பிளாஸ்டிக். கியருக்கு எண்ணெய் வரும் வழி, கசியாத வார்ப்பு மூடி, தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் புதிய சீல் ஆகிய எல்லாவற்றையும் செய்தாக வேண்டும். பல வண்டிகளில் வாட்டர் பம்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது என்பதால், பெல்ட்டை எடுத்துவிட்டால் அதற்கும் வேறு வழி பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்துவிட்டாலும் சூடு விடாது. கிராங்கிற்கும் கேமுக்கும் நடுவே 400 மி.மீ. அலுமினியம் இருந்து, அது 80 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.7 மி.மீ. நீளும், எஃகுச் சக்கரங்கள் அதில் பாதியளவே விரியும். பற்களுக்கிடையே விட வேண்டிய இடைவெளியோ மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். பெல்ட்டில் இந்த வேறுபாட்டை, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் வாங்கிக்கொள்ளும். கியரில் அது தடதடப்பாக வெளிப்படும். எங்கள் பக்கத்துக்கு இதைவிட முக்கியமான ஒன்று, ஏற்றத்தில் சூடாகி, ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கெட் போன வண்டிகளின் ஹெட்டை மட்டம் சீவி மாட்டும் வழக்கம். 0.2 மி.மீ. சீவினாலே கேம்ஷாஃப்ட் அவ்வளவு கீழே இறங்கும். பெல்ட்டுக்கு அது பொருட்டே அல்ல, கியரோ பல்லோடு பல் இறுகி ஊளையிடத் தொடங்கிவிடும்.

செயினைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்விஃப்ட் டீசலில் இருப்பது அதுதான். எண்ணெயை நேரத்துக்கு மாற்றுகிறவருக்கு அது நீண்ட காலம் உழைக்கும், மாற்றாதவருக்கு நீண்டுபோய்க் கலகலக்கும். பெல்ட்டைப் போல முன்னறிவிப்பில்லாமல் அறுவது அரிது.

பெல்ட்டின் குறை அதன் பொருளில் இருப்பதைவிட நம் கவனத்தில்தான் கூடுதலாக இருக்கிறது என்பது என் கருத்து. என்னுடைய பெல்ட் மூடியைக் கழற்றியபோது கீழ்ப்பாதி முழுவதும் கருப்பு எண்ணெய் அப்பியிருந்தது. கேம் சீல் பல மாதங்களாகக் கசிந்து ரப்பரை ஊறவைத்திருந்தது. நிறுவனங்கள் பெரும்பாலும் 60,000 முதல் 1,00,000 கி.மீ. வரை கெடு சொல்கின்றன. அது சமவெளிக்கும் சேர்த்துச் சொல்லும் கணக்கு. இரண்டாம் கியரிலேயே மணிக்கணக்கில் என்ஜின் சுற்றும் மலைச்சாலையில் கிலோமீட்டர் குறைவாகவும் சுற்று அதிகமாகவும் ஓடுகிறது. ஆகவே கெடுவில் மூன்றில் இரண்டு பங்கு ஓடியதுமே பெல்ட், டென்ஷனர், பெல்ட்டை வழிநடத்தும் உருளையான ஐட்லர், வாட்டர் பம்ப், முன்பக்க சீல்கள் ஆகியவற்றை ஒரே தடவையில் மாற்றிவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். கியர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர், கியரோடு பிறந்த என்ஜின் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குவது நல்லது.

என் காரில் இப்போதும் பெல்ட்தான் ஓடுகிறது. மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் மூடியின் மேலேயே வெள்ளை பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன்.