தனித்தனியாக வரும் பிளாஸ்டிக் எலும்பு செட்: வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் உடற்கூறியலை முதன்முறையாகப் படிக்கப் போகிறவர்கள் கை, கால், முதுகெலும்புக்காக இந்த செட்டைத் தயங்காமல் வாங்கலாம். மண்டையோட்டுக்காக என்றால் வேண்டவே வேண்டாம். காரணம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பேசுவது ஸ்டாண்டில் தொங்குகிற முழு எலும்புக்கூட்டைப் பற்றி அல்ல. அது அறை மூலையில் நிற்க நன்றாக இருக்கும், படிக்கத்தான் உதவாது. எல்லா எலும்பையும் கம்பியாலும் திருகாணியாலும் பூட்டி வைத்திருப்பார்கள், மூட்டுக்குள் ஒளிந்திருக்கும் பரப்பைப் பார்க்கவே முடியாது, ஆனால் தேர்வில் கேட்பதில் பாதி அந்தப் பரப்பில்தான் இருக்கிறது. நான் சொல்வது ‘பாதி செட்’. ஒரு மண்டையோடு, முதுகெலும்பு முழுவதும், மார்பெலும்பு, ஒரு பக்கத்து விலா எலும்புகள், ஒரு கை, ஒரு கால், ஒரு பக்கத்து இடுப்பெலும்பு என்று எல்லாம் கழன்ற நிலையில் பெட்டியில் வரும். வளர்ந்தவர் உடம்பில் 206 எலும்புகள் என்று பாடம் தொடங்கும்போதே சொல்லிவிடுவார்கள், அதைக் கேட்டதும் முழு செட்தான் வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். கை கால்களில் ஒரு பக்கம் தெரிந்தால் மறுபக்கம் அதன் கண்ணாடி பிம்பம்தான், பணமும் மிச்சம். காதுக்குள் பக்கத்துக்கு மூன்றாக இருக்கும் குட்டி எலும்புகள் என் பெட்டியில் இல்லை, அவற்றைப் படத்தில் பார்த்துக்கொண்டாலே போதும்.

புத்தகப் படத்தாலும் செல்போன் முப்பரிமாண ஆப்பாலும் கொடுக்க முடியாத ஒன்றை இந்த செட் கொடுக்கிறது. எலும்பைக் கையில் எடுத்ததும் இது இடதா வலதா, எது மேல், எது முன் என்று சொல்லும் பழக்கம்தான் அது. ஆப்பில் எலும்பு எப்போதும் சரியான திசையில்தான் வந்து நிற்கும், நீங்கள் விரலால் சுழற்றினாலும் அது எந்தப் பக்கத்து எலும்பு என்று மேலேயே பெயர் எழுதியிருக்கும். செய்முறைத் தேர்வில் மேசைமேல் கிடக்கும் காறை எலும்பு உங்களிடம் எதையும் சொல்லாது. தடித்த முனை மார்பெலும்பு பக்கம், தட்டையான முனை தோள் பக்கம், பள்ளம் ஓடுகிற முகம் கீழே, உட்பக்க வளைவு முன்னால் புடைத்து நிற்கும். இதைப் பத்து முறை வாசிப்பதைவிட எலும்பை உங்கள் கழுத்தடியிலேயே வைத்துப் பார்த்தால் ஒரே நாளில் பிடிபடும். முழங்கால் சில்லுக்கு ஒரு வேடிக்கையான சோதனை உண்டு. மூட்டுப் பக்கம் கீழே இருக்கும்படி, கூர்முனை உங்களைவிட்டு விலகி இருக்கும்படி மேசையில் வைத்தால் அது எந்தக் காலுடையதோ அந்தப் பக்கமாகச் சாயும், ஏனென்றால் வெளிப்பக்க மூட்டுப் பரப்பு பெரியது. பிளாஸ்டிக் சில்லிலும் இது வேலை செய்தது, எனக்கே ஆச்சரியம்தான்.

அடுத்தது மூட்டுகள். முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பான அல்னாவின் கொக்கி போன்ற மேல்முனையை, மேல்கை எலும்பான ஹியூமரஸின் பின்பக்கக் குழிக்குள் பொருத்தி நீட்டிப் பாருங்கள், முழங்கை ஏன் ஒரு அளவுக்கு மேல் பின்னால் மடங்குவதில்லை என்பது கைக்கே தெரிந்துவிடும். கட்டைவிரல் பக்கத்து எலும்பான ரேடியஸின் வட்டத் தலையை அல்னாவின் பக்கத்தில் வைத்துச் சுழற்றினால், உள்ளங்கையைக் கீழே திருப்பும்போது ரேடியஸ் அல்னாவைக் குறுக்கே தாண்டிப் போவது தெரியும். வகுப்பில் இதை விளக்கும்போது ஆசிரியர் தன் கையைத்தான் திருப்பித் திருப்பிக் காட்டுவார், தோலுக்கு அடியில் நடப்பது யாருக்குத் தெரியும்? அப்புறம் முதல் இரண்டு கழுத்து முள்ளெலும்புகள். முதலாவதான அட்லஸுக்கு, மற்ற முள்ளெலும்புகளில் முன்னால் தடித்து நிற்கும் உடல் பகுதியே கிடையாது, வெறும் வளையம். இரண்டாவதான ஆக்சிஸின் பல் போன்ற முனை அந்த வளையத்துக்குள் ஏறி நிற்கும். தலையை ‘ஆமாம்’ என்று ஆட்டினால் அசைவு பெரும்பாலும் மண்டையோட்டுக்கும் அட்லஸுக்கும் நடுவில், ‘இல்லை’ என்று ஆட்டினால் அட்லஸுக்கும் ஆக்சிஸுக்கும் நடுவில். இரண்டு எலும்பையும் கையில் வைத்து ஒருமுறை சுழற்றிப் பார்த்தவர்களுக்கு இது மறக்காது.

முதுகெலும்பு இரண்டு விதமாக விற்கிறது. முள்ளெலும்புகளை நடுவில் வட்டுகளோடு கோத்து வைத்தது ஒன்று, உதிரியாக வருவது இன்னொன்று. உதிரிதான் வேண்டும். கோத்ததில் வளைவுகள் மட்டும்தான் தெரியும். உதிரியாக 24 முள்ளெலும்புகளையும் கொட்டிக் கலைத்துவிட்டு 7 கழுத்து, 12 மார்பு, 5 இடுப்பு என்று பிரித்து அடுக்க முயலும்போதுதான் கழுத்து எலும்பின் பக்கவாட்டுத் துளையும், மார்பு எலும்பில் விலா வந்து உட்காரும் சின்னப் பள்ளங்களும், இடுப்பு முள்ளெலும்பின் பருத்த உடலும் கண்ணில் படும்.

சரி, குறைகளுக்கு வருவோம். எனக்கு இருக்கும் பெரிய புகார் அச்சுக் கோடு. இந்த எலும்புகளை இரண்டு பாதி அச்சில் வார்க்கிறார்கள், இரண்டு பாதியும் சேரும் இடத்தில் எலும்பு நீளத்துக்கும் மெல்லிய வரம்பு ஒன்று ஓடுகிறது. கீழ்க்காலின் வெளிப்பக்க மெல்லிய எலும்பான ஃபிபுலா மாதிரி ஏற்கெனவே பல விளிம்புகள் உள்ள எலும்பில், புதிதாகப் படிப்பவர் எது உண்மையான விளிம்பு, எது தொழிற்சாலை போட்ட விளிம்பு என்று தெரியாமல் குழம்புவது நிச்சயம். உப்புத்தாளால் தேய்க்கலாம், ஆனால் எதைத் தேய்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் அந்த எலும்பே உங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது! விலா எலும்பிலும் இதே தொல்லை. கீழ் விளிம்பை ஒட்டி உட்புறமாக இரத்தக் குழாய்களும் நரம்பும் ஓடும் பள்ளம் இருக்க வேண்டும், அதை வைத்துத்தான் எது மேல் எது கீழ் என்று சொல்வார்கள். என் செட்டில் பாதி விலாக்களில் அது வழவழவென்று இருக்கிறது.

மண்டையோடு? மேல் மூடி கழன்று வரும், தாடை ஸ்பிரிங்கில் திறந்து மூடும், பார்த்தவுடன் பிடித்துப்போகும். (தாடையைப் பற்றி ஒரு சின்ன விஷயம்: மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் என்று, விலங்குகளை அறுத்துப் பார்த்து பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் எழுதியதைத்தான் 1300 ஆண்டுகளுக்கு மேல் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. அது ஒரே எலும்பு என்று 16ஆம் நூற்றாண்டில் உடற்கூறியலாளர் வெசாலியஸ் வந்து திருத்த வேண்டியிருந்தது. கையில் எடுத்துப் பார்க்கிற பழக்கம் எதற்கு என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம்.) ஆனால் மண்டையோட்டில் மாணவருக்கு முக்கியமே அடிப்பகுதித் துளைகள்தான், அங்கேதான் இந்தப் பொருள் கைவிடுகிறது. ஃபோரமன் ஓவேல் என்ற துளை திறந்திருக்கிறது, நல்லது. அதன் பக்கத்தில் மூளை உறைக்கு இரத்தம் கொண்டுபோகும் மிடில் மெனின்ஜியல் தமனி நுழையும் ஃபோரமன் ஸ்பைனோசம் வெறும் குழியாக நின்றுவிட்டது. மேல்தாடை நரம்பு வெளியேறும் ஃபோரமன் ரொட்டண்டத்தில் மெல்லிய கம்பியை விட்டால் மறுபக்கம் வரவில்லை. மூக்குக்கு மேலே வாசனை நரம்பிழைகள் இறங்கி வரும் சல்லடைத் தட்டில் ஒரு ஓட்டைகூட இல்லை. ஒரு துளை எங்கே தொடங்கி எங்கே திறக்கிறது என்பதுதான் அங்கே பாடமே, அது அடைத்துக் கிடந்தால் மண்டையோடு வெறும் அலங்காரப் பொருள். ஆய்வகத்தில் உண்மையான மண்டையோடு இருந்தால் அதன்முன் உட்காருங்கள், இல்லையென்றால் இந்த ஒன்றுக்கு மட்டும் ஆப்பே மேல்.

நிறம் தீட்டிய செட்டும் கிடைக்கிறது, தசை தொடங்கும் இடம் சிவப்பு, முடியும் இடம் நீலம். விலை கூடுதல், எனக்கு அவசியமாகப் படவில்லை. சாதா செட்டில் நீங்களே பென்சிலால் வரையலாம், அழிக்கலாம், மறுபடி வரையலாம். ஹியூமரஸில் நான் தசைகளோடு நரம்புகளையும் வரைந்தேன். அந்த எலும்பின் கழுத்துப் பகுதியைச் சுற்றி ஆக்சிலரி நரம்பு, நடுத்தண்டின் பின்னால் சரிந்து இறங்கும் பள்ளத்தில் ரேடியல், உட்பக்க முழங்கை மேட்டுக்குப் பின்னால் அல்னார். எலும்பு எந்த இடத்தில் உடைந்தால் எந்த நரம்பு அடிபடும் என்ற கேள்விக்கு அந்த மூன்று கோடுகளே பதில், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ரொம்பப் பிடித்த கேள்வியும் அதுதான்.

இன்னொன்றை விற்பவர்கள் சொல்வதில்லை. ஒரே அச்சில் வார்த்தவை என்பதால் எல்லோரிடமும் இருப்பது ஒரே ஆளின் எலும்புதான். உண்மையான எலும்புகள் அப்படி இருக்காது. சிலரின் ஹியூமரஸில் கீழ்முனைக்கு மேலே ஓட்டை இருக்கும், சிலருக்கு ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பு அதற்குக் கீழே உள்ள திரிகத்தோடு (சேக்ரம்) ஒட்டியிருக்கும். பிளாஸ்டிக்கையே மனப்பாடம் செய்தவர் தேர்வு மேசையில் தேய்ந்துபோன நிஜ எலும்பைப் பார்த்ததும் திணறுவார். ஆகவே வீட்டில் இது, ஆய்வகத்தில் கிடைக்கிற ஒவ்வொரு நிஜ எலும்பும், இரண்டும் வேண்டும்.

வாங்கும்போது மணிக்கட்டும் பாதமும் எப்படி வருகின்றன என்று கட்டாயம் கேளுங்கள். கம்பியில் இறுக்கிக் கட்டியிருந்தால் 8 மணிக்கட்டு எலும்புகளின் உட்பரப்பு தெரியாது, இழுபடும் நூலில் கோத்திருந்தால் விலக்கிப் பார்க்கலாம், விட்டால் பழைய இடத்துக்கே போய்விடும். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுப்பேன், குறைந்த ஒன்றரையில் ஒன்று மண்டையோட்டுக்கு, மீதி அச்சுக் கோட்டுக்கு.