சந்துக்கடை வர்க்கியும் ஒரு பிடி மாவும்

குன்னூர் பஸ் நிலையத்திலிருந்து மார்க்கெட் பக்கம் இறங்கும் படிக்கட்டுச் சந்து ஒன்றில் இருக்கிறது இந்த பேக்கரி. பெயர்ப்பலகை உண்டு, ஆனால் எத்தனையோ மழைக்காலம் பார்த்து எழுத்து மங்கிவிட்டது. பெயர் சொல்லி யாரும் கேட்பதில்லை. விறகுப் புகையும் நெய் வாசனையும் சேர்ந்து வரும் திசையில் நடந்தால் போதும். மூன்று ஆண்டுகளாக இங்கேதான் வர்க்கி வாங்குகிறேன். கடையைப் பற்றி எழுதத் தூண்டியது வர்க்கி மட்டும் அல்ல. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடைச் சீட்டு, மாதக் கடைசிப் பட்டுவாடா, இவைதான் என் நாள். கணவர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் நான்கு இரவு சமவெளியில்தான் தங்குகிறார். மகளுக்கு ஏழு வயது. மாலையில் அவளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு, காய்கறி வாங்கி, வீட்டுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிப்பதற்குள் எனக்குக் கிடைப்பது இருபத்தைந்து நிமிடம். அதில் பாதி நேரம் கைப்பேசி காதில் இருக்கும்.

முதலில் வர்க்கி. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: இது பிஸ்கட்டும் அல்ல, பப்ஸும் அல்ல. அடுக்கடுக்காகப் பொரிந்து நிற்கும் கரடுமுரடான ஒரு தின்பண்டம். ஒன்றைப் போல மற்றொன்று இருக்காது. 2023இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது மலையில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கும்தான். ஆனால் அந்தப் பெயரை ஒட்டி விற்கும் எல்லாம் நல்ல வர்க்கி ஆகிவிடாது. சுற்றுலாப் பயணிகளுக்காக அடுக்கி வைத்திருப்பதில் சிலவற்றைக் கடித்தால் மேலண்ணத்தில் வனஸ்பதி மெழுகு போல ஒட்டிக்கொள்ளும். இந்தக் கடை வர்க்கியில் அது இல்லை. இரண்டு விரலால் மெல்ல அழுத்தினால் சருகு மிதித்த சத்தத்தோடு உடைகிறது. உள் அடுக்குகள் வெளிர் மஞ்சள், ஓரம் மட்டும் தேன் நிறம். இனிப்பு இருப்பதே தெரியாத அளவு. சூடான தேநீரில் முக்கி இரண்டு எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும். மூன்று எண்ணினால் கோப்பைக்குள் போய்விடும்.

இந்தச் சுவைக்குக் காரணம் மாவு என்கிறார் கடைக்காரர். கடையில் வாங்கும் ஈஸ்ட் போடுவதில்லை. வாழைப்பழம், ரவை, மைதா, சர்க்கரை சேர்த்துப் புளிக்க வைத்த கலவைதான் மாவைப் பொங்க வைக்கிறது. அதை 'மாவா' என்கிறார்கள். மலைக் குளிரில் அது மெதுவாகப் புளிக்கும், அவசரப்படுத்த முடியாது. பிசைந்த மாவை மேஜை அளவுக்கு இழுத்து, நெய் தடவி, மடித்து, ஆறவிட்டு, மறுபடி இழுத்து, மறுபடி தடவி மடிக்கிறார்கள். கடைசியில் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்துத் தட்டில் வீசுகிறார்கள். அதனால்தான் அந்த ஒழுங்கற்ற உருவம். செங்கல் அடுப்பில் கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகு எரிந்து தணிந்த பிறகு, தணலை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தட்டுகளை உள்ளே தள்ளுகிறார்கள். அடுப்பின் வாய்க்கு முன்னால் நின்றால் ஜனவரி மாதக் குளிரிலும் முகம் சிவந்துவிடும்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

போன ஆண்டு ஜூலையில் ஒரு மாலை. சாரல், மேலே பனிமூட்டம், குடைக்குள் இரண்டு பேர். கடைக்குள் நுழைந்ததும் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு. ஒரு விவசாயியின் எடைச் சீட்டில் பன்னிரண்டு கிலோ குறைகிறது, உடனே பார்த்துச் சொல்ல வேண்டும். மகள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். பள்ளியில் அன்று ஏதோ வரைந்திருக்கிறாள், அதைக் காட்ட வேண்டும். "கொஞ்சம் இரு, கொஞ்சம் இரு" என்று எத்தனை முறை சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பன்னிரண்டு கிலோ கிடைத்து நான் திரும்பியபோது இழுப்பு நின்றிருந்தது. அவள் மாவு மேஜையின் ஓரத்தில், கவிழ்த்து வைத்த மரப்பெட்டி மேல் நின்றுகொண்டிருந்தாள். கடைக்காரர் ஒரு பிடி மாவைப் பிய்த்து அவள் கையில் கொடுத்திருந்தார். அவள் அதை நூலாகத் திரித்து, சுருட்டி, ஒரு முனையை நிமிர்த்தி வைத்தாள். நத்தை.

"பாப்பா, நத்தைக்குக் கண் வேண்டாமா?" என்று கேட்டு இரண்டு சீரகத்தை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். ஏன் குழந்தையைக் கவனிக்கவில்லை என்று என்னிடம் ஒரு பார்வைகூட இல்லை. "நாளைக்கு வாருங்கள் அம்மா, கடைசித் தட்டோடு வைத்து எடுத்துவிடுகிறேன்" என்றார். மறுநாள் ஒரு காகிதப் பையில் நத்தை இருந்தது. பையின் மேல் பென்சிலால் 'நத்தை, இரண்டாம் வகுப்பு' என்று எழுதியிருந்தார். அந்தப் பையை மகள் இன்னும் பாடப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து பல ஆண்டுகள் ஆகிறது. காகிதப் பை ஒவ்வொரு கடையிலும்தான் கிடைக்கிறது. அதில் இப்படி எழுதித் தருகிறவர் இவர் ஒருவர்தான்.

அதிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் ஒரு பிடி மாவு எங்களுக்கு. அதற்குக் காசு வாங்க மாட்டார். நான் நீட்டிப் பார்த்தேன். "ஓரத்தில் மிஞ்சுவதுதானே" என்று கையை விலக்கிவிட்டார்.

அந்த மேஜையில் அவள் கற்றுக்கொண்டதை நான் எங்கேயும் பணம் கட்டிச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. உடல் தடித்தால் உள்ளே வேகாது, கால் மெலிந்தால் கருகும். ஆகவே எல்லாம் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். ஒட்டும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவ வேண்டும். புளித்த மாவு அடுப்பில் பொங்கும், ஆகவே கண்ணைப் பெரிதாக வைத்தால் மூடிக்கொள்ளும். ஒரு முறை காட்டெருமை செய்தாள். எங்கள் தெருவில் மாலையில் குப்பைத் தொட்டி வரை வந்து நிற்கும், அவளுக்கு அது நல்ல பழக்கம். செய்து முடித்துவிட்டு முகம் வாடி நின்றாள். காட்டெருமைக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக இருக்குமே, காலுறை போட்டது போல, மாவில் அது எப்படி வரும் என்று கேட்டாள். எனக்கு அது தோன்றியிருக்கவே இருக்காது. தினமும் பார்க்கிற விலங்குதான், காலை நான் பார்த்ததில்லை. கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். நான்கு காலையும் ஈர விரலால் தடவி, உலர்ந்த மைதாவில் முழங்கால் வரை அழுத்தி எடுத்தார். மறுநாள் அது வெந்து வந்தபோது உடல் பழுப்பு, கால் நான்கும் வெள்ளை. கொம்பு நுனி கருகியிருந்தது. "நுனி கறுப்புதானே" என்றாள்.

நான் அந்தக் கால் மணி நேரம் இப்போது கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிடுகிறேன். தொழிற்சாலையிலும் சொல்லிவிட்டேன், செவ்வாய் ஐந்தேகால் முதல் ஐந்தரை வரை எடுக்க மாட்டேன் என்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறு காலையில் சப்பாத்தி மாவு பிசையும்போது அவளுக்கு ஓர் உருண்டை, எனக்கு ஓர் உருண்டை. தட்டில் பூனை, சாவி, அப்பாவின் லாரி எல்லாம் வரிசையாக நிற்கும். சப்பாத்தி பத்துக்குப் பதில் ஏழுதான் வருகிறது. போன மாதம் கணவர் வீட்டுக்கு வந்தபோது கல்லில் வாட்டிய லாரி ஒன்றைக் கையில் வைத்துச் சக்கரத்தை எண்ணினார். ஆறு இருந்தது. "சரியாக வைத்திருக்கிறாள்" என்றார். நெடுநேரம் அதைத் தின்னாமல் வைத்திருந்தார்.

கடையில் எங்களுக்கு மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். உடைந்த வர்க்கியை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் படியோரம் வைத்திருக்கிறார்கள். கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். தோட்ட வேலை முடித்து வரும் பாட்டி ஒருவர் தினமும் கால் கிலோ கேட்பார், கடைக்காரரின் மனைவி எடை போட்ட பிறகு மேலே இரண்டு வைப்பார். தராசு தட்டைப் பார்க்காமல் பாட்டியின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டே வைப்பார். என் மகள் இதைப் பார்த்திருக்கிறாள். இப்போது தன் பையிலிருந்து ஒரு வர்க்கியை பஸ் கண்டக்டருக்குக் கொடுக்கிறாள். நான் சொல்லித் தரவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். மே மாதம் இந்தக் கடைக்குக் குழந்தையோடு போகாதீர்கள். சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கும் நாட்களில் கூட்டம் சந்து முனை வரை நிற்கும். மாவு மேஜைப் பக்கம் யாரையும் விட மாட்டார்கள், அடுப்பு வேறு பக்கத்திலேயே எரிகிறது, அது சரியான முடிவுதான். ஆனால் அந்த அவசரத்தில் சில தட்டு வர்க்கி அடியில் கருகி வருகிறது, அதையும் அதே விலைக்குத்தான் தருகிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லியும் இருக்கிறேன். மழை நாளில் படிக்கட்டு பாசி பிடித்து வழுக்கும், கைப்பிடிக் கம்பி கிடையாது. தேங்காய் பன் சுமார், இனிப்பு தூக்கல். முட்டை பப்ஸ் காலையில் வாங்கினால்தான் உண்டு, மாலையில் தோல் தொய்ந்துவிடும். ஒரு முறை அடுப்பு முன்னதாகவே ஆறிப்போய், மகளின் கிளி வேகாமல் காய்ந்துவிட்டது. அன்று அவள் அழுதாள். கடைக்காரர் சமாதானப் பொய் ஒன்றும் சொல்லவில்லை. "மறந்துவிட்டேன் பாப்பா, என் தவறு" என்றார். ஏழு வயதுக் குழந்தையிடம் அப்படிச் சொன்ன பெரியவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

நெய் வர்க்கி கால் கிலோ எனக்குக் கடைசியாக எழுபது ரூபாய் ஆனது, சாதா வர்க்கி அதைவிடக் குறைவு. கொடுக்கலாம். காலை பத்து மணிக்கு மேல் முதல் தட்டு வரும், மாலை ஆறரைக்குள் தீர்ந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் டின்னில் செய்தித்தாள் விரித்து அதன் மேல் போட்டு மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எப்படி மூடினாலும் நமுத்துவிடும். அப்போது வெறும் தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, ஒரு நிமிடம் திருப்பிப் போட்டு எடுத்தால் பழைய மொறுமொறுப்பு வந்துவிடும்.

நேற்று செவ்வாய். இந்த முறை மலை ரயில். இரண்டு பெட்டியும் ஓர் எஞ்சினும் செய்துவிட்டு எஞ்சினைப் பெட்டிகளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். முன்னால் வைக்க வேண்டாமா என்று கேட்டேன். "மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று தள்ளும் அம்மா" என்றாள். உண்மைதான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை உண்டு, அதைப் பற்றிக்கொண்டுதான் ரயில் ஏறுகிறது. அதுவும் வேண்டும் என்றாள். கடைக்காரர் நீளமாக ஒரு நாடா உருட்டிக் கொடுத்து, மாவு சுரண்டும் தகட்டின் முனையால் இரண்டு பல் வெட்டிக் காட்டிவிட்டுத் தகட்டை அவளிடமே கொடுத்தார். மிச்சத்தை அவள் வெட்டினாள். நாக்கு வெளியே தெரிய, ஒவ்வொன்றாக, முப்பத்தொரு பல். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போனோம்.

புகைபோக்கி நிமிர்ந்து நிற்காது, சாய்ந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். இன்று ஆறு மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.