துணி ஒட்டிய படம் என்று சொல்லி 14,500 ரூபாய்க்கு வெறும் தாள்

இன்று இரண்டாம் முறையாக ஊட்டிக்குப் போய் வெறுங்கையோடு குன்னூர் திரும்பியிருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

சுற்றுலாக்காரர்களை நம்பி நடக்கும் ஒரு ஓவியக் கடை. போன மாதம் அங்கே ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டேன். ஒரு பாட்டியின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம், அதன்மேல் கிழித்த செய்தித்தாள், நீலப் பட்டுத் துணி, பழைய தேயிலை லேபிள் எல்லாம் ஒட்டி, பாதி முகம் வண்ணத் திட்டுகளுக்குள் மறைந்திருக்கும். எங்கள் அப்பத்தா சாயல். மிக்ஸட் மீடியா, அதாவது பல பொருள்களைச் சேர்த்துச் செய்த படம், என்றார் கடைக்காரர். கையுறை மாட்டிக்கொண்டு படத்தை இறக்கி, "தொட்டுப் பாருங்கம்மா, நிஜத் துணி" என்றார். தொட்டேன். நூல் பிசிறு விரலில் பட்டது. அங்கேதான் ஏமாந்தேன். மொத்தமே 25 பிரதிதான், ஓரத்தில் பென்சிலில் 3/25 என்று இருக்கிறது பாருங்கள், உங்களுக்கு 4/25 புதிதாக ஒட்டி அனுப்புகிறோம், பருத்திக் காகிதம், பிக்மென்ட் மை, மங்கவே மங்காது என்றார். 14,500 ரூபாய். ஜிபேயில் முழுசாகக் கொடுத்தேன். முன்பணம் மட்டும் தரலாமா என்று கேட்க வெட்கம்!

மூன்று வாரம் கழித்து வந்தது, குழாயில் சுருட்டி. துணி ஒட்டிய படத்தை யாராவது சுருட்டுவார்களா? விரித்தால் வழவழ போட்டோ பேப்பர். துணியும் அச்சு, செய்தித்தாளும் அச்சு, ஒட்டிய ஓரத்து நிழல்கூட அச்சு. பென்சிலில் எழுதிய மாதிரி 4/25, அதுவும் அச்சு. "இதுக்கா 14,500?" என்றார் வீட்டுக்காரர். மேசைமேல் வைத்த நாலே நாளில், ஆடி மாத மூடுபனி ஈரத்துக்கே, பாட்டி கன்னத்தில் மை பரவிவிட்டது. ஈரத்துக்குச் சட்டென்று பரவாத பிக்மென்ட் மையாம்.

போன் செய்தால், "இதுவும் கொலாஜ்தான் மேடம், டிஜிட்டல் கொலாஜ்." கொலாஜ் என்றால் ஒட்டுப்படம்; இது கம்ப்யூட்டரிலேயே ஒட்டியதாம். அடுத்த முறை, "உங்க வீட்டு ஈரத்துக்கு நாங்க என்ன செய்ய?" அப்புறம் ஆர்ட்டிஸ்ட் வெளியூர். அப்புறம் நீல டிக் மட்டும். நேரில் போனால் முதலாளி கோயம்புத்தூர் போயிருக்கிறாராம், இரண்டு தடவையும். அதே 3/25 பாட்டி சுவரில் தொங்குகிறாள், இன்று வேறொரு அம்மா தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் கடைப் பையன் நடுவில் வந்து நின்றுகொண்டான்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், பொறுமை இல்லை. தொட்டுப் பார்த்ததையே வாங்குங்கள், "இதே மாதிரி அனுப்புகிறோம்" என்றால் வேண்டாம். செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் ஒட்டிய காகித ஓரத்தில் நிழல் நகரும், அச்சில் நகராது. பில்லைக் கடையிலேயே படியுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசினேன். பில்லில் என்ன பொருள் என்று எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். அப்போதுதான் எடுத்துப் பார்க்கிறேன். "பேப்பர் பிரிண்ட் 1, ரூ. 14,500."