பாக்டீரியா பாட்டிலை நம்பி மீன்களைப் பறிகொடுத்தேன்: அக்வாபோனிக்ஸ் தொடங்குபவர்கள் கவனிக்கவும்

மீன் தொட்டித் தண்ணீரிலேயே செடியும் வளர்க்கும் அக்வாபோனிக்ஸைப் புதிதாகத் தொடங்கப் போகிறவர்கள் மீன் வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். 40 மீன் குஞ்சுகள் விட்டேன், மிஞ்சியது 9. எனக்குத் தொட்டி விற்றவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் என்னிடம் சொன்னதையே உங்களிடம் வேறு யாராவது சொல்லக்கூடும். அப்போது உஷாராகிவிட்டால் போதும்.

500 லிட்டர் தொட்டி, அதன் மேல் களிமண் உருண்டைகள் நிரப்பிய செடித் தட்டு, பம்ப், குழாய் என்று முழு செட்டாக வாங்கினேன். கூடவே ஒரு பாட்டில். "இதுல நல்ல பாக்டீரியா இருக்கு சார். ராத்திரி ஊத்துங்க, காலையில மீன் விடலாம். டெஸ்ட் எல்லாம் தேவையே இல்ல. தண்ணி தெளிவா இருந்தா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்." நம்பினேன். மறுநாளே மீன் விட்டேன்.

நாலாம் நாள் தீவனத்தைத் தூவினால் ஒன்றுகூட மேலே வரவில்லை. ஐந்தாம் நாள் காலையில் ஏழு மீன்கள் மிதந்தன. மற்றவை தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. தண்ணீரோ தொட்டியின் அடி தெரியும் அளவுக்குத் தெளிவு! போன் செய்தேன். "இன்னொரு பாட்டில் ஊத்துங்க" என்றார். அதையும் அவரிடமே காசு கொடுத்து வாங்கினேன்.

அன்று மாலைதான் டெஸ்ட் கிட் வாங்கினேன். மஞ்சளாக நிற்க வேண்டிய சோதனைக் குழாய் கண்ணெதிரே கரும்பச்சை ஆனது. லிட்டருக்கு 4 மில்லிகிராம் அமோனியா, தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 8. அமோனியாவுக்கு நிறமே கிடையாது, தண்ணீரைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. பிஎச் கூடக் கூட அதன் நஞ்சும் கூடும். 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் அரை சதவீதம் அளவுக்குத்தான் கொடிய வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அதுவே 5 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அமோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. அதை நைட்ரைட்டாக மாற்றுவது நைட்ரோசோமோனாஸ் போன்ற ஒரு பாக்டீரியாக் கூட்டம். நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுவது நைட்ரோஸ்பைரா, நைட்ரோபாக்டர் போன்ற இன்னொரு கூட்டம். செடி விரும்பி உறிஞ்சுவது கடைசியில் வரும் அந்த நைட்ரேட்டைத்தான். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. களிமண் உருண்டை, குழாயின் உட்புறம், தொட்டிச் சுவர் என்று பரப்பில் ஒட்டி, வழுவழுப்பான படலமாக வாழ்பவை. வளர்ச்சியும் மெதுவு. சாதாரண பாக்டீரியா அரை மணி நேரத்துக்குள் இரண்டாகும், இவற்றுக்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். வெதுவெதுப்பான தண்ணீரிலேயே ஒரு தொட்டியில் இவை போதுமான அளவு வளர்ந்து அது பழக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஒரே ராத்திரியில் நடக்கும் என்று அவர் சொன்னது இந்த வேலையைத்தான்.

அப்புறம் பாட்டிலின் லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் 'உயிருள்ள நன்மை தரும் பாக்டீரியா'. பின்பக்கம் பொடி எழுத்தில் பேசிலஸ். நைட்ரோசோமோனாஸும் இல்லை, நைட்ரோஸ்பைராவும் இல்லை. பேசிலஸ் கெட்டதல்ல, மீன் கழிவையும் மிச்சத் தீவனத்தையும் மட்கச் செய்யும். வித்தாக உறங்கும் தன்மை இருப்பதால் பாட்டிலில் நெடுநாள் தாங்கும், விற்பவருக்கும் வசதி. ஆனால் அமோனியாவை நைட்ரைட்டாக்கும் வேலைக்கு அதை நம்ப முடியாது. கழிவு மட்கும்போது வெளியே வருவதும் அமோனியாதான். அப்படியானால் அந்த இரண்டாவது பாட்டில் என் மீன்களுக்கு என்ன நன்மை செய்திருக்கும்? இன்னொன்று, தொட்டியை நிரப்பியது குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரால். அதைப் போக்க வேண்டும் என்றும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாதித் தண்ணீரை மாற்றி மாற்றி மிச்ச மீன்களை ஓட்டினேன். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சாவு. செத்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டியது காபிக் கஷாயம் போலப் பழுப்பு. அது நைட்ரைட். முதல் கூட்டம் வேலையைத் தொடங்கியிருக்கிறது, இரண்டாம் கூட்டம் இன்னும் வளரவில்லை. நைட்ரைட் ரத்தத்தில் ஏறினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது. ஏர் பம்ப் முழுவேகத்தில் ஓடினாலும் மீன் மூச்சுத் திணறும். விற்றவர் "நோய் சார்" என்று சொல்லி ஆன்டிபயாடிக் தூள் கொடுத்தார். போட்டேன். அரும்பிக்கொண்டிருந்த பாக்டீரியாவும் அதோடு போயிற்று. மூன்றே நாளில் அமோனியா பழைய இடத்துக்கு ஏறியது. இதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது" என்று போனை வைத்துவிட்டார்.

மிஞ்சிய ஒன்பதையும் தனித் தொட்டிக்கு மாற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். மீன் இல்லாமல், சோப்பும் வாசனையும் கலக்காத அமோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு விட்டேன். நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் இரண்டு கைப்பிடி களிமண் உருண்டை வாங்கி, காயவிடாமல் கொண்டுவந்து கலந்தேன். தினமும் சோதனை. முதலில் அமோனியா இறங்கியது, நைட்ரைட் குழாய் அடர் ஊதா ஆனது, பிறகு அதுவும் வெளுத்தது. 38ஆம் நாள், ஊற்றிய அமோனியா 24 மணி நேரத்துக்குள் மறைந்தது, நைட்ரைட்டும் பூஜ்யம். நைட்ரேட் குழாய் மட்டும் செக்கச்செவேல். அன்றுதான் மீனைத் திரும்ப விட்டேன்.

அமோனியாவை நைட்ரேட்டாக்கும் நிஜமான நைட்ரிஃபையிங் பாக்டீரியா பாட்டில்களும் உண்டு, எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அவை வித்தாக உறங்காதவை. வெயிலில் அடுக்கி வைத்திருந்தாலோ காலாவதி ஆகியிருந்தாலோ பயனில்லை. எந்தப் பாக்டீரியா என்று லேபிளில் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். "டெஸ்ட் வேண்டாம்" என்று சொல்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே மீன் விட்டுவிட்டு இதைப் படிக்கிறீர்களா? இன்றே தீவனத்தை நிறுத்துங்கள். குளோரின் நீக்கிய தண்ணீரால் பாதியை மாற்றுங்கள், காற்றைக் கூட்டுங்கள். நைட்ரைட் ஏறியிருந்தால் லிட்டருக்கு 1 கிராம் அயோடின் சேர்க்காத உப்பு மீனைத் தாங்கும். ஸ்ட்ராபெரி, பீன்ஸ் இருந்தால் மட்டும் யோசியுங்கள், அவற்றுக்கு உப்பு ஆகாது. களிமண் உருண்டைகளைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள், அதில்தான் எல்லாம் இருக்கிறது.